வாவிக்கரையும் காய்ச்சற் கணக்கும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய மணற்றரை. அங்கே தென்னந்தோப்புகளும் மீனவர் துறைகளும் நெருங்கிய குடியிருப்புகளும் உள்ளன. மேற்கே வயலும் குளமும் காடும். ஞாயிறு எழும் திசையிலுள்ள கரையை எழுவான்கரை என்றும், அது படும் திசையிலுள்ள கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உடையோர் பலர். மாரி தொடங்கும் காலத்தில் தோணியேறி மேற்கே சென்று, வயலருகே வாடி அமைத்துத் தங்கி, உழுது விதைத்து, இரவில் பரணேறிக் காவல் காத்து, வெட்டிச் சூடடித்து நெல்லோடு திரும்புவது தலைமுறை தலைமுறையாக அவர்கள் நடத்திய வாழ்க்கை. நெல்லோடு காய்ச்சலையும் கொண்டு திரும்பியோர் பலர்.

அக்காய்ச்சலே மலேரியா. குளிர், நடுக்கம், கொடுஞ்சூடு, வியர்வை என முறையாக வந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் திரும்பும் இயல்பினால் அதனை முறைக்காய்ச்சல் என்றும் குளிர்காய்ச்சல் என்றும் முன்னோர் அழைத்தனர். நீரோடும் பருவத்தோடும் அதற்குத் தொடர்புண்டு என்பதை அறிய அவர்களுக்கு நூலறிவு வேண்டியிருக்கவில்லை. மாரி ஓய்ந்து தையும் மாசியும் வரும்போது காய்ச்சலும் உடன்வரும் என்பது படுவான்கரை உழவர் நன்கறிந்த செய்தி. வைகாசியில் கண்ணகையம்மன் கோயில்களில் நடைபெறும் திருக்குளிர்த்திச் சடங்கிலே, நாட்டின் வெம்மையும் நோயும் தணிய வேண்டும் என்ற வேண்டுதல் இன்றும் ஒலிக்கின்றது. எனினும், காய்ச்சல் வரும் என்று அறிதல் ஒன்று. எத்தனை பேருக்கு வருகிறது, எந்தக் கரையில் மிகுதி, எவ்வயதினரை வாட்டுகிறது, சென்ற ஆண்டினும் கூடிற்றா குறைந்ததா என எண்ணிச் சொல்லுதல் மற்றொன்று. பின்னைய அறிவு வாய்ப்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்புத் தேவையாயிற்று. அவ்வுழைப்பின் வரலாற்றில் இலங்கைத் தீவுக்குச் சிறப்பான ஓரிடம் உண்டு.

நோயை எண்ணுவோர் இருவகைக் கணக்கை வேறுபடுத்துவர். உன்னிச்சைக் குளத்தை நினைத்துக்கொண்டால் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஒருநாட் காலையில் குளக்கட்டில் நின்று அளவுகோலைப் பார்த்தால் அன்று குளத்திலுள்ள நீரின் இருப்புத் தெரியவரும். அம்மழைக்காலம் முழுவதிலும் புதிதாக வந்து சேர்ந்த நீர் எவ்வளவு என்பது வேறு கணக்கு, அது வரத்து. நோயிலும் இப்படியே. குறித்த ஒரு நாளில் ஊரவர் நூற்றுவரில் எத்தனை பேர் நோயுடையர் என்பது இருப்புக் கணக்கு. குறித்த ஓர் ஆண்டுக்குள் ஆயிரவரில் எத்தனை பேரைப் புதிதாக நோய் பற்றிற்று என்பது வரத்துக் கணக்கு. முன்னதை நிலவு வீதம் எனவும் பின்னதை நிகழ்வு வீதம் எனவும் கூறலாம். நீர் வெளியேற வழியில்லாத குளம் சிறு வரத்திலும் நிறைந்தே நிற்கும். வான்கதவு திறந்த குளத்தில் பெருவரத்து வந்தாலும் இருப்புச் சிறிதே. அதுபோல, உடலில் நெடுங்காலம் தங்கும் நோய்க்கு நிலவு வீதம் பெரிதாகும். சில நாட்களிற் கொன்றோ குணப்பட்டோ அகலும் நோய்க்கு, நிகழ்வு வீதம் எவ்வளவு பெரிதாயினும், நிலவு வீதம் சிறிதாகவே தோன்றும். எளிதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டை மறந்தவிடத்து இலங்கை என்ன விலை கொடுத்தது என்பதைப் பின்னர்க் காணலாம்.

மலேரியாவின் இருப்பை அளப்பதற்கு வாய்த்த முதற்கருவி மனித உடலுக்குள்ளேயே இருந்தது. இடப்புற விலாவின் கீழ் மறைந்திருக்கும் மண்ணீரல், இந்நோய் மீண்டும் மீண்டும் தாக்குமிடத்து வீங்கிக் கீழே இறங்கும். நலமுள்ள பிள்ளையின் வயிற்றைத் தடவினால் அது கைக்குத் தட்டுப்படுவதில்லை. காய்ச்சலில் அடிபட்ட பிள்ளையிடத்துத் தடித்த விளிம்போடு தட்டுப்படும். 1840களில், வட இந்தியாவில் மேற்கு யமுனைக் கால்வாயின் கரையோர ஊர்களிற் காய்ச்சல் மிகுந்தபோது, பாசனமே அதற்குக் காரணமோ என்று ஆராய அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. பேக்கர், யூல் என்னும் பொறியியலாளர் இருவரோடு டெம்ஸ்டர் என்ற வைத்தியர் அதில் இடம்பெற்றார். காய்ச்சல் வந்ததா என்று ஊராரைக் கேட்டு எழுதும் விடை, கேட்பவருக்கும் சொல்பவருக்கும் ஏற்ப மாறக்கூடியது. டெம்ஸ்டர் ஊரூராகச் சென்று மக்களின் மண்ணீரலைத் தடவிப் பார்த்து, வீக்கமுடையோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணித்தார். நீர் வடியாது தேங்கும் ஊர்களில் அவ்வீதம் உயர்ந்தும், நிலம் இளகி வடிகால் நன்கமைந்த ஊர்களிற் தாழ்ந்தும் இருந்தது. நோய்க்கிருமியை லவரான் கண்டது 1880ஆம் ஆண்டில்; நுளம்பின் உடலில் அக்கிருமி வளர்வதை ரொனால்ட் ரொஸ் செக்கந்தராபாத்திற் கண்டது 1897ஆம் ஆண்டில். இவையெல்லாம் நிகழ்வதற்கு முன்னரே, காரணம் இன்னதென்று தெரியாத நிலையில், நீருக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை எண்ணால் நிறுவிய அக்குழுவின் வேலை வியப்புக்குரியது. சுற்றாடலையும் நோயையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்து அளந்த பழைய முயற்சிகளுள் அதற்கு உயர்ந்த இடம் அளித்தல் தகும்.

இலங்கையில் மலேரியாவுக்கு எதிரான முறையான வேலை 1911ஆம் ஆண்டிலே குருநாகலில் தொடங்கிற்று. 1913ஆம் ஆண்டில் ஜேம்ஸ், குணசேகர என்னும் வைத்தியர் இருவர் தலைமன்னார்த் துறைமுகத்தின் மலேரியா நிலையை ஆராய்ந்து அறிக்கை எழுதினர். 1920களில், பூச்சியியல் வல்லுநரான காட்டர் என்பவர் இத்தீவின் அனோபிலிஸ் நுளம்புகளை இனம் பிரித்து ஆராய்ந்து, அவற்றுள் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற இனமே நோயைப் பரப்புவதில் முதன்மையானது என்று நிறுவினார். இந்நுளம்பு சாக்கடையை விரும்புவதில்லை. வெயில் படும் தெளிந்த நன்னீர், அதுவும் அசைவற்ற சிறு தேக்கம், அதற்கு உவப்பானது. வற்றிய ஆற்றுப்படுக்கையின் பள்ளங்கள், குளக்கட்டின் கீழே கசிந்து நிற்கும் நீர், மண் வெட்டிய குழிகள், மாட்டின் குளம்படிச் சுவடுகள் ஆகியவற்றில் அது முட்டையிடும். படுவான்கரையின் நிலத்தை அறிந்தவருக்கு இப்பட்டியல் அவ்விடத்தின் வருணனையாகவே தோன்றும். எழுவான்கரையின் மணலிலோ மழைநீர் உறிஞ்சப்பட்டுவிடும். எஞ்சியதில் உப்புக் கலந்திருக்கும். மட்டக்களப்பின் மக்கள் கடலோரத்திலே நெருங்கியும் உட்பகுதியிலே அருகியும் வாழ்ந்தமைக்குப் பல காரணங்கள் கூறப்படும். மலேரியாவும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கப்பட வேண்டியது.

மண்ணீரற் பரிசோதனை நடைபெற்ற முறை எளிமையானது. வைத்தியர் ஒருவர் பாடசாலைக்குச் செல்வார். இரண்டு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் வரிசையில் நிற்பர். ஒவ்வொரு பிள்ளையின் இடப்புற விலாவின் கீழும் விரல்களை வைத்து, மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி, மண்ணீரல் இறங்கிவந்து விரலைத் தொடுகிறதா என்று பார்ப்பார். தொட்டால், விலாவிலிருந்து எத்தனை விரற்கடை இறங்கியுள்ளது என்பதும் குறிக்கப்படும். நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை, இரத்தம் எடுக்க வேண்டியதில்லை, ஒரு காலைப் பொழுதில் நூறு பிள்ளைகளைப் பார்த்துவிடலாம். பிள்ளைகளையே தெரிந்துகொண்டதற்குத் தக்க காரணம் உண்டு. ஆண்டுதோறும் காய்ச்சலை ஏற்று வளர்ந்தவரின் உடல் அதற்கு ஓரளவு பழகிவிடுவதால், பெரியோரின் மண்ணீரல் மீண்டும் சுருங்குதல் கூடும். மேலும், பெரியோர் தொழிலுக்காகப் பல இடம் செல்வர்; பிள்ளையோ வீட்டருகே இருக்கும். ஆகவே பிள்ளையின் மண்ணீரல் அவ்வூரின் இயல்பைச் சொல்லும் என்று கொண்டனர். பிற்காலத்தில், 1950ஆம் ஆண்டிலே கம்பாலா நகரிற் கூடிய மலேரியா மாநாட்டை ஒட்டி, இவ்வீதம் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத இடம் நோய் குறைந்தது என்றும், ஐம்பது வரையில் நடுத்தரமானது என்றும், ஐம்பதைக் கடந்து ஊறிக்கிடக்கும் தரத்தை மேலும் பிரித்தும் வகுத்தனர்.

மட்டக்களப்பைப் பொறுத்தமட்டில் இக்கருவியில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. பெற்றோர் வாடிக்குச் செல்லும்போது பிள்ளைகளையும் உடன் கொண்டுசெல்வதுண்டு. படுவான்கரையில் நுளம்புக் கடிபட்ட பிள்ளை எழுவான்கரைப் பாடசாலையின் வரிசையில் நின்றால், அதன் வீங்கிய மண்ணீரல் எழுவான்கரையின் கணக்கிலேயே ஏறும். வீட்டிடம் ஒன்று, நோய் பற்றிய இடம் மற்றொன்று. நோயாளர் தொகையை ஊர்ச் சனத்தொகையால் வகுக்கும்போது, எந்த ஊரின் சனத்தொகையால் வகுப்பது? மாரியில் ஊரில் இருப்பவர் தொகை ஒன்று. கோடையில் இருப்பவர் தொகை வேறு. இத்தகைய பெயர்ச்சி வாழ்க்கையுடைய மக்களிடையே, வகுக்கும் எண்ணைச் சரியாக அமைப்பது வகுபடும் எண்ணைச் சேர்ப்பதினும் கடினமானது.

இனி, 1934ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஈரவலயத்தில் எப்போதும் கரைபுரண்டு ஓடும் மகா ஓயா, களனி கங்கை முதலிய ஆறுகள் மெலிந்து, மணற்படுக்கையில் தெளிந்த குட்டைகளாகத் துண்டுபட்டு நின்றன. வழக்கமான ஆண்டுகளில் வெள்ளம் அடித்துச் செல்லும் நுளம்புக் குடம்பிகள், அவ்வாண்டில் அக்குட்டைகளிலே தடையின்றி வளர்ந்தன. ஆண்டின் இறுதியிற் காய்ச்சல் வெடித்தெழுந்தது. கேகாலை, குருநாகல், கொழும்பு மாவட்டத்தின் உட்பகுதி எனப் பரவி, சில மாதங்களுள் ஏறக்குறைய 15 இலட்சம் பேரைப் பற்றிற்று. ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டது. 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் தீவின் சனத்தொகை 53 இலட்சம் அளவே. நால்வரில் ஒருவருக்கு மேற்பட்டோர் நோயுற்றனர் என்பது அதன் பொருள். அவ்வாண்டுகளிலே தேங்காய் விலையும் வீழ்ந்திருந்தது. பசியால் மெலிந்த உடல்களைக் காய்ச்சல் எளிதாகச் சாய்த்தது. வைத்தியப் பகுதித் தலைவராயிருந்த பிரியர்கிளிவ் என்பவரும், இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட கேணல் கில் என்பவரும் தனித்தனி அறிக்கைகள் எழுதினர்.

இவ்வறிக்கைகளைப் படிப்போர் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. தீவில் மண்ணீரல் வீதம் மிக உயர்ந்து நின்றது உலர்வலயத்தில். வடமத்திய மாகாணமும் வன்னியும் கிழக்கின் உட்பகுதியும் அதில் அடங்குவன. ஆனால் பெருங்கொள்ளை விளைந்ததோ மண்ணீரல் வீதம் தாழ்ந்திருந்த தென்மேற்கில். இருப்புக் குறைந்த இடத்திலே வரத்துப் பெருவெள்ளமாயிற்று. மலேரியா அங்கே குறைவு என்ற எண்ணிலேயே ஆபத்து ஒளிந்திருந்தது. நோயோடு பழகாத உடல்கள், நோய் எதிர்ப்பு இல்லாத குழந்தைகள், இளையோர், முதியோர் எல்லோரும் ஒரே நேரத்தில் வீழ்ந்தனர். உலர்வலயத்தில் வளர்ந்தவரோ, பிள்ளைப் பருவத்திலேயே தமக்குரிய விலையைக் கொடுத்துவிட்டுத் தப்பியவர்.

வானிலையின் வேலையும் இரு வலயத்திலும் எதிரெதிரானது. ஈரவலயத்தில் வறட்சி காய்ச்சலை வளர்த்தது. மட்டக்களப்பிலோ வடகீழ்ப் பருவமழையே அதனை வளர்ப்பது. மழையளவைக் கொண்டு நோயை முன்னறியலாம் என்று ஒரு விதியை வகுத்துத் தீவு முழுவதற்கும் பொருத்தியிருந்தால், அவ்விதி ஒரு கரையில் உண்மையும் மறு கரையிற் பொய்யுமாக முடிந்திருக்கும்.

1934ஆம் ஆண்டின் கொள்ளை உலகறிந்ததாயிற்று. நிவாரண வேலைக்குப் பலர் திரண்டனர். சூரியமல் இயக்கத்தினர் ஊரூராகச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். அரசியலும் அதனால் அசைந்தது. உலர்வலயத்துப் பிள்ளைகளின் சாவு அவ்வாறு எவரையும் அசைக்கவில்லை. அது ஆண்டுதோறும் நிகழ்ந்தது, ஆகவே செய்தியாகவில்லை. மரணப் பதிவேட்டில் 'காய்ச்சல்' என்ற ஒரு சொல்லோடு அது முடிந்தது. அச்சொல்லை எழுதியவர் பெரும்பாலும் வைத்தியர் அல்லர், ஊர்ப் பதிவுகாரர். எந்தக் காய்ச்சல் என்று அவர் அறிவதெங்ஙனம்? இதனாலேயே மலேரியாவின் சாவை அளப்போர், காரணம் எழுதிய கட்டத்தை நம்பாமல், எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மொத்தச் சாவு வழக்கத்தினும் எவ்வளவு மிகுந்தது என்று பார்ப்பர். இம்முறையிலும் ஒரு குறை உளது. கொள்ளை நோய் வழக்கத்தை மீறுவதால் அது கணக்கில் அகப்படும். வழக்கமே நோயாகிவிட்ட நாட்டில் மீறுவதற்கு எதுவும் இல்லை. அங்கே சாவு வழக்கத்தினுள் கரைந்து மறையும். படுவான்கரையின் பிள்ளைச் சாவுகள் இவ்வாறு மறைந்தவற்றுள் அடங்கும்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில் டி.டி.ரி. மருந்து வந்தது. 1946ஆம் ஆண்டில் தீவெங்கும் வீட்டுச் சுவர்களில் அதனைத் தெளிக்கும் திட்டம் விரிவாக நடைபெற்றது. குடித்த இரத்தத்தோடு சுவரில் ஓய்ந்திருக்கும் நுளம்பு அங்கேயே மடிந்தது. தீவின் மொத்த மரண வீதம் 1946ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 20 ஆக இருந்து, அடுத்த ஆண்டிலேயே ஏறக்குறைய 14 ஆக வீழ்ந்தது. ஓராண்டுக்குள் இத்தகைய வீழ்ச்சி எந்நாட்டிலும் எளிதிற் காணப்படாதது. மலேரியாவுக்கு அஞ்சி விடப்பட்டிருந்த நிலங்களும் திறந்தன. சிங்களத்திற் கல்லோயா எனவும் தமிழிற் பட்டிப்பளை ஆறு எனவும் வழங்கும் ஆற்றை மறித்து, 1949ஆம் ஆண்டிலே தொடங்கிய பெருந்திட்டம், அக்காலத்து மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகத்தையே மாற்றியமைத்தது. அப்பாகம் 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. குடியேற்றத்தின் அரசியல் விளைவுகள் பெரிய தனிக்கதை. இங்கு கருதுவது, நுளம்பு காத்துவந்த எல்லை ஒன்று தெளிகருவியால் அழிந்தது என்பதையே.

மரண வீதம் வீழ்ந்தமைக்கு டி.டி.ரி. எவ்வளவு காரணம்? இவ்வினா பின்னர் உலகப் புகழ்பெற்ற வாதமாயிற்று. 1960ஆம் ஆண்டை ஒட்டி பிரெடரிக்சன் என்ற அமெரிக்கர், மலேரியா மிகுந்த மாவட்டங்களிலும் மலேரியா அற்ற மாவட்டங்களிலும் மரணம் ஏறத்தாழ ஒருமிக்கவே குறைந்தது என எடுத்துக்காட்டி, உணவும் பொருளாதார வளர்ச்சியுமே முதற்காரணம் என்று வாதித்தார். பீற்றர் நியூமன் 1965ஆம் ஆண்டில் அதனை மறுத்து நூலெழுதினார். அவர் கையாண்ட கருவி பழைய மண்ணீரற் கணக்கே. தெளிப்பு வேலைக்கு முன் ஒவ்வொரு மாவட்டத்திலும் எடுக்கப்பட்ட மண்ணீரல் வீதத்தை அவ்விடத்து மக்கள் நோய்க்கு எவ்வளவு ஆட்பட்டிருந்தனர் என்பதன் அளவாகக் கொண்டு, அவ்வீதம் உயர்ந்த மாவட்டங்களில் மரணம் எவ்வளவு மிகுதியாகக் குறைந்தது என்று ஒப்பிட்டார். மரண வீழ்ச்சியில் நூற்றுக்கு 42 பங்கு மலேரியா ஒழிப்பால் வந்தது என்பது அவர் முடிவு. 1974ஆம் ஆண்டில் கிறே என்பவர் அதே வகையான தரவுகளை வேறுமுறையில் ஆராய்ந்து, நூற்றுக்கு 23 பங்கே என்றார். இலங்கையரான மீகம என்பாரும், வைத்திய வசதியும் பிற காரணங்களும் ஆற்றிய பங்கை மறத்தலாகாது என்று எழுதினார்.

பள்ளிப் பிள்ளைகளின் விலாவின் கீழே விரல் வைத்து எடுத்த எண்கள், முப்பதாண்டு கழித்து இலண்டனிலும் அமெரிக்காவிலும் அறிஞரைப் பிரித்து நிறுத்தின என்பது சுவையான செய்தி. இவ்வாதத்திலே கிறே நிதானமானவராகத் தோன்றுகிறார். ஆயினும் இருவருக்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு. மாவட்டத்தின் சராசரி எந்தத் தனிமனிதனின் நிலையும் ஆகாது. பழைய மட்டக்களப்பு மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கடலோர மணலில் நெருங்கி வாழ்ந்தோரும், காட்டோரக் குளங்களின் கீழே அருகி வாழ்ந்தோரும் அதில் ஒரே எண்ணுக்குள் அடைக்கப்பட்டனர். இரு கரையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் விடை வாவியின் நடுவே நிற்கும். அங்கே குடியிருப்போர் எவருமிலர். நோய் மிகுந்த மாவட்டத்தில் மரணம் மிகுதியாகக் குறைந்தது என்பதிலிருந்து, நோய்ப்பட்டவரே சாவிலிருந்து தப்பினர் என்று துணிவதற்கு இடையே ஒரு தாண்டுதல் இருக்கிறது. அத்தாண்டுதல் பலவேளை சரியாகவும் சிலவேளை பிழையாகவும் முடியும்.

1946ஆம் ஆண்டில் ஏறக்குறைய 28 இலட்சம் மலேரியா நோயாளர் கணக்கில் வந்தனர். 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 17 பேர். இவ்விரு எண்களும் பக்கத்திற் பக்கத்தில் எத்தனையோ மேடைகளில் சொல்லப்பட்டவை. அவை ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவை அல்ல என்பது குறைவாகவே சொல்லப்பட்டது. முன்னது, வைத்தியசாலைகளிலும் மருந்துச்சாலைகளிலும் குறியைப் பார்த்து மலேரியா என்று எழுதப்பட்டோர் தொகை; அதிற் பிற காய்ச்சலும் கலந்திருக்கும், ஒருவரே பலமுறையும் எண்ணப்பட்டிருப்பர். பின்னது, இரத்தத்துளியைக் கண்ணாடித் துண்டிற் பூசி நுணுக்குக்காட்டியால் பார்த்துக் கிருமி கண்டோர் தொகை. கண்டோர் சிலரே என்பது, பார்த்தவை எத்தனை என்பதோடு சேர்த்து வாசிக்கப்பட வேண்டியது. இக்காரணம் பற்றியே, ஆண்டில் ஆயிரவருக்கு எத்தனை பேரிடம் கிருமி கண்டனர் என்ற நிகழ்வு வீதத்தோடு, நூற்றுவரில் எத்தனை பேரின் இரத்தம் பார்க்கப்பட்டது என்பதையும் உடன் எழுதும் வழக்கம் ஏற்பட்டது.

17 என்ற எண்ணின் இனிமையில் தெளிப்பு வேலை நிறுத்தப்பட்டது, விழிப்பும் தளர்ந்தது. நுளம்பு ஒழியவில்லை. நோய் எதிர்ப்பு இல்லாத ஒரு தலைமுறை இதற்கிடையே பிறந்து வளர்ந்திருந்தது. 1967ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் காய்ச்சல் திரும்பியது. 1969ஆம் ஆண்டில் மட்டும் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோரிடம் அது காணப்பட்டது. 1934ஆம் ஆண்டிற் தென்மேற்குக்கு நேர்ந்தது இம்முறை தீவு முழுவதற்கும் நேர்ந்தது எனலாம். நல்லவேளையாக, மருந்து கைவசம் இருந்தமையால் சாவு முன்போல் மிகவில்லை. டி.டி.ரி.க்கு நுளம்பு பழகிவிட்டபடியால் 1970களில் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாறினர். பின்னர்ப் போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் நெடிது வாடின. 1999ஆம் ஆண்டில் நாட்டின் நோயாளர் தொகை 2 இலட்சத்து 64 ஆயிரத்தைத் தாண்டியது. அவ்வாண்டுகளிலே போர் முனையின் இருபுறத்திலும் மலேரியாத் தடுப்பு ஊழியர் தம் வேலையைத் தொடர இடமளிக்கப்பட்டமை பதிவுசெய்யப்பட வேண்டியது.

2004ஆம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை எழுவான்கரையை அழித்தபோது, உடைந்த கிணறுகளிலும் தேங்கிய நீரிலும் நுளம்பு பெருகி மலேரியா வெடிக்கும் என்று பலர் அஞ்சினர். அஞ்சுவதோடு நில்லாமல் மாதந்தோறும் எண்ணினர். ஓராண்டு கழிந்தபின் வெளியான ஆய்வு, அதற்குமுன் தொடங்கியிருந்த இறக்கமே தொடர்ந்தது என்று காட்டிற்று. ஒப்பிடுவதற்கு முன்னைய ஆண்டுகளின் எண்கள் இருந்தமையாலேயே அவ்வாறு துணிந்து சொல்ல முடிந்தது.

உப்புநீர் காவல் என்ற பழைய நம்பிக்கையும் அசைந்தது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தாரும் யாழ்ப்பாணத்து ஆய்வாளரும் சேர்ந்து வாவிக்கரையோர நீரை ஆராய்ந்து, நன்னீர் நுளம்பு என்று எண்ணப்பட்ட குலிசிபேசிஸ் இனத்தின் குடம்பிகள் மட்டக்களப்பு மாவட்டத்தில் உவர்நீரிலும் வளர்வதை 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில், டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புகளும் ஆயிரம் பங்கில் 2 முதல் 15 பங்கு வரை உப்புள்ள நீரில், கடற்கரையில் எறியப்பட்ட போத்தல்களிலும் கைவிடப்பட்ட தோணிகளிலும் பாழ்ங்கிணறுகளிலும் வளர்வதைக் காட்டினர். யாழ்நகரில் அத்தகைய உவர்நீர் இடங்களை அண்டிய பகுதிகளில் டெங்கு நிகழ்வு ஒப்பளவில் மிகுந்திருந்தது என்பதையும் அவர்கள் குறித்தனர். எழுவான்கரையின் மணலும் உப்பும் நுளம்புக்கு ஆகாதவை என்று வரைபடத்தில் நிறந்தீட்டி வைத்திருந்தோர் அந்நிறத்தை மாற்ற வேண்டியவராயினர்.

மலேரியாவோ இத்தீவில் தணிந்தது. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளி 2012ஆம் ஆண்டு ஒக்டோபரிற் காணப்பட்டார். 2016ஆம் ஆண்டு செப்தெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடெனச் சான்றளித்தது. நிகழ்வு வீதம் சுழியாகிவிட்ட நாட்டில் இனி எதை எண்ணுவது? வெளிநாடு சென்று திரும்புவோரிடத்திற் காணப்படும் கிருமியை எண்ணுகின்றனர், நுளம்பையும் எண்ணுகின்றனர். 2017ஆம் ஆண்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய டெங்குவின் கணக்கும் இதே பதிவேடுகளில் ஏறிற்று.

சான்று கிடைத்த அதே ஆண்டின் இறுதியில், இந்திய நகரங்களின் மலேரியாவுக்குக் காரணமான அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு முதன்முறையாக மன்னார்த் தீவிற் கண்டுபிடிக்கப்பட்டது. ஆற்றுப்படுக்கையையோ குளக்கசிவையோ அது நாடுவதில்லை. வீட்டுக் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் வளர்வது. எழுவான்கரையில் வளவுதோறும் கிணறு உண்டு.